எலும்பைக் காக்கும் மருந்தும் சிறுநீரகத்தின் நலனும்

(மேற்கு மாம்பலத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் பேசுமாறு நமது சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபோது, கல்வியைப் பற்றியோ, நம் முன்னோர் ஒருவரது சரித்திரத்தைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட விஷயமோ ஒரு மருந்து. மருந்தைப் பற்றிப் பேச யான் வைத்தியனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். எனினும், என் குடும்பத்தில் இம்மருந்தினால் நேர்ந்த துன்பத்திற்கு மூலம் ஓர் எண்ணில் நேர்ந்த பிழையாகும். அவ்வெண்ணைப் பிழைபடக் கூறியவன் யானே. ஆதலின் இதைப் பற்றிப் பேசும் உரிமையன்று, கடமையே எனக்கு உண்டு. துன்புற்ற என் தமக்கையார் அதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் அனுமதி பெற்றே இதனைக் கூறுகின்றேன்.

முதலில் மருந்து இன்னதென்று கூறிவிடுகின்றேன். முதுமையில், சிறப்பாக மாதவிலக்கு நின்ற பின்னர்ப் பெண்மக்களுக்கு, எலும்பின் திண்மை குறைந்து அது எளிதில் முறியும் நிலையை அடைகின்றது. இதனை நாம் எலும்புத் தேய்மானம் என்கின்றோம். வைத்தியர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். இது நமக்குப் புதிதன்று. முதுகு கூனிய பாட்டிமாரை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், நன்கு நடமாடும் நிலையிலுள்ள, மாதவிலக்கு நின்ற பெண்மணிகளைச் சோதித்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இடுப்பிலோ முதுகெலும்பிலோ இக்குறை இருந்தது என்று கண்டனர். இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மருந்தினம் பிஸ்பாஸ்போனேட் என்பது. வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸ் வழியே நாளத்திற் செலுத்தும் ஸோலெட்ரோனிக் அமிலமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இவ்வினத்தின் வரலாறு வியப்பிற்குரியது. நமது மேற்கு மாம்பலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாக ஒரு படிவு ஏறுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அஃது ஒருவகைச் சுண்ணம். ஆலைகளின் நீர்க்குழாய்களில் அத்தகைய படிவு ஏறாதிருத்தற்கு இப்பொருள்களைப் பயன்படுத்தி வந்தனர். 1960-களில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ஹெர்பர்ட் பிளைஷ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும், சுண்ணம் படிவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட் என்னும் பொருள் நம் சிறுநீரிலும் இரத்தத்திலும் இயற்கையாகவே உளதென்று கண்டு, அதனைப் போன்றதும் உடலிற் சிதையாததுமான பொருளைத் தேடி, இவ்வினத்தை வைத்தியத்திற்குக் கொணர்ந்தனர். 1995-ஆம் ஆண்டில் அலெண்ட்ரோனேட் எலும்புத் தேய்மானத்திற்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-இல் ஸோலெட்ரோனிக் அமிலமும் அவ்வாறே அனுமதி பெற்றது.

எலும்பு கல்லைப்போல் மாறாதிருக்கும் பொருளன்று. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகை புதியதைக் கட்டுகின்றன. முதுமையில் அரிப்பு மிகுந்து கட்டுமானம் பின்தங்குகின்றது. இம்மருந்து எலும்பின் சுண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, அரிக்கும் உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றது. இதனால் விளையும் நன்மை சிறிதன்று. 2007-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்மணிகளுள் ஆண்டுக்கொருமுறை ஸோலெட்ரோனிக் அமிலம் பெற்றோர்க்கு, மூன்றாண்டுகளில் முதுகெலும்பு நொறுங்குதல் நூற்றுக்கு 70 பங்கும், இடுப்பெலும்பு முறிதல் நூற்றுக்கு 41 பங்கும் குறைந்தன. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பர் என்பது மேனாட்டார் கணக்கு. ஆகவே இம்மருந்தை இகழ்வதற்காக யான் எழுந்தேனில்லை. என் சொற்களைக் கேட்டு எவரேனும் இன்று வீடு சென்று தம் மாத்திரையை எறிந்துவிடுவாராயின், யான் செய்த முதற் பிழையினும் அது பெரிய பிழையாய் முடியும்.

நிற்க. இம்மருந்திற்கு ஓர் இயல்பு உண்டு. உடலிற் புகுந்த பல மருந்துகளை ஈரல் சிதைத்து மாற்றிவிடுகின்றது. பிஸ்பாஸ்போனேட்டை அவ்வாறு சிதைக்க ஈரலால் இயலாது. புகுந்ததிற் பாதியளவு எலும்பிற் சென்று ஆண்டுக்கணக்காகத் தங்குகின்றது. எஞ்சியது மாறுதல் யாதுமின்றிச் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுதல் வேண்டும். வேறு வாயில் இல்லை. வாயிலின் காவலனாகிய சிறுநீரகம் வலியிழந்திருப்பின், மருந்து அங்கே தேங்கி, அதன் நுண்குழல்களைப் பற்றுகின்றது. எலும்பை அரிக்கும் உயிரணுவை எவ்வகையில் முடக்குகின்றதோ, அவ்வகையிலேயே நுண்குழலின் உயிரணுவையும் முடக்குகின்றது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

மாத்திரையாய் உண்ணுங்கால் இவ்வபாயம் அரிது. எங்ஙனமெனின், உண்ட மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தை அடைவதில்லை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு உண்ணுமாறும், அரைமணி நேரம் காப்பி முதலியன அருந்தாமலும் படுக்காமலும் இருக்குமாறும் வைத்தியர் கூறுவதற்கு இச்சிறு அளவையும் இழந்துவிடலாகாதென்பது ஒரு காரணம். மாத்திரை தொண்டைக்குழலிற் தங்கிப் புண்ணாக்கலாகாதென்பது மற்றொன்று. நாளத்திற் செலுத்துங்கால் அவ்வாறன்று. மருந்து முழுவதும் ஒரே காலத்தில் இரத்தத்தை நிறைக்கின்றது. ஆதலின் அளவும் வேகமும் முக்கியமாகின்றன. புற்றுநோயாளர்க்கு இம்மருந்தைச் சோதித்த தொடக்க நாள்களில் 8 மில்லிகிராம் கொடுத்தும், 5 நிமிஷத்திற் செலுத்தியும் பார்த்தபோது சிறுநீரகங்கள் கெட்டன. அதனாலேயே அளவு 4 மில்லிகிராமாகவும், காலம் 15 நிமிஷத்திற்குக் குறையாததாகவும் மாற்றப்பட்டன. எலும்புத் தேய்மானத்திற்கு ஆண்டுக்கொருமுறை கொடுப்பது 5 மில்லிகிராம்; அதற்கும் 15 நிமிஷத்திற்குக் குறையலாகாதென்பதே விதி.

2001-ஆம் ஆண்டில், இவ்வினத்தைச் சேர்ந்த பாமிட்ரோனேட் பெற்ற நோயாளர் சிலர்க்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுகள் சுருங்கிப் போனதை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 2003-இல் அவர்களே, ஸோலெட்ரோனிக் அமிலம் பெற்ற அறுவர்க்கு நுண்குழல்கள் அழிந்தமையை உருப்பெருக்கியிற் கண்டு வெளியிட்டனர். அவர்களுட் பலர் புற்றுநோய்க்காக அடிக்கடி மருந்து பெற்றவர்கள். ஆண்டுக்கொருமுறை பெறுவோர்க்கும் அபாயம் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை சென்றவர்களும் இறந்தவர்களும் இருந்தமையால், 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிஷத்திற்கு 35 மில்லிலிட்டருக்குக் குறைந்தவர்க்கு இந்த ஆண்டு ஊசி கூடவே கூடாதென்று விலக்கியது. ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் அத்திறனைக் கணித்தல் வேண்டுமென்றும் விதித்தது. உடலில் நீர் வற்றியிருத்தல், நீர் பிரியும் மாத்திரை, சிறுநீரகத்தைத் தாக்கும் பிற மருந்துகள், முதுமை ஆகியவை அபாயத்தைப் பெருக்குவன என்றும் அது எச்சரித்தது.

இந்த 35 என்னும் எண்ணைத் தயைகூர்ந்து நினைவில் வையுங்கள். என் தமக்கையாரின் கதை இவ்வெண்ணைச் சுற்றியே நிகழ்ந்தது.

அவர்க்கு அப்பொழுது வயது 76. ஆரிய கௌடா சாலையை அடுத்த ஒரு தெருவில் மாடிக் குடியிருப்பில் வசிப்பவர். ஒரு விடியற்காலையில் வாசலில் நீர் தெளித்துக் கோலமிடும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட வைத்தியர் எலும்பின் திண்மையைச் சோதித்து, ஆண்டு ஊசியே தக்கதென்றார். மருத்துவமனையின் பெயரைக் கூற வேண்டுவதில்லை. இரத்தம் சோதித்தனர். கிரியாட்டினின் 1.1 என்று வந்தது. காகிதத்தில் அதனருகே குற்றம் காட்டும் குறி ஒன்றுமில்லை. ஊசிக்கு முன் ஒரு செவிலியர் வினாக்களை வினவினார்; உடன் சென்ற யான் விடை கூறினேன். “எடை எவ்வளவு?” என்றார். “ஐம்பத்திரண்டு கிலோ” என்றேன். என்றோ கேட்டறிந்த எண் அது. “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்றார். “இரத்த அழுத்தத்திற்கு மட்டுந்தான்” என்றேன். என் தமக்கையார் ஏதோ கூற வாயெடுத்தார். நேரமாகின்றதென்று யான் அவரைப் பேசவிடவில்லை.

அவர் கூற விரும்பியவை இரண்டு. முழங்கால் வலிக்காகத் தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் பத்து நாள்களாகத் தினம் இரண்டு வேளை உண்டு வந்தார் என்பது ஒன்று. முந்தைய நாள் ஏகாதசியாதலின் நீரும் அருந்தாது விரதமிருந்து, துவாதசிப் பாரணையாக ஒரு பிடி உண்டு, அப்படியே வந்திருந்தார் என்பது மற்றொன்று. இரத்த அழுத்தத்திற்கென்று யான் கூறிய மாத்திரையினுள்ளே நீர் பிரியும் மருந்தும் கலந்திருந்தது. அதனை யான் அறியேன்.

ஊசி போட்ட அன்றிரவே காய்ச்சலும் உடல்வலியும் கண்டன. முதல் ஊசிக்குப் பின் இவை பலர்க்கும் வருவனவே. இரண்டு மூன்று நாள்களில் தணியும். அவரோ வலி பொறாது, அதே வலி மாத்திரையை மேலும் உண்டார். உணவையும் நீரையும் குறைத்தார். ஐந்தாம் நாள் வாந்தி, சிறுநீர் மிகச் சுருங்கிற்று, பாதங்கள் வீங்கின. சோதித்தபோது கிரியாட்டினின் 4.6. மூன்று முறை டயாலிசிஸ் செய்யவேண்டியதாயிற்று. இறையருளாலும் வைத்தியர் திறத்தாலும் பிழைத்தார். ஆயினும் சிறுநீரகம் பழைய நிலையை அடையவில்லை. இன்றும் அவர் கிரியாட்டினின் 1.9-க்குக் கீழே இறங்கவில்லை. உப்பிலும் ஊறுகாயிலும் கட்டுப்பாடு, மாதந்தோறும் பரிசோதனை.

சிறுநீரக வைத்தியர் யாவற்றையும் பொறுமையோடு கேட்டார். பின்னர் அவரை எடைமேடையில் ஏற்றினார். 42 கிலோ! அவர் ஒரு காகிதத்தை எடுத்து இரு கணக்குகளைப் போட்டார். கனடா தேசத்தினர் இருவர் 1976-இல் வெளியிட்ட, இன்றும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் பயன்படும் கணக்கு அது. கணக்கனாகிய எனக்கு அது விளங்குவதற்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை. உங்களுக்கும் விளங்கும். 140-இலிருந்து வயதைக் கழிக்கவும். வந்ததை எடையாற் பெருக்கவும். பெண்ணாயின் 0.85-ஆற் பெருக்கவும். கிரியாட்டினினை 72-ஆற் பெருக்கி, அதனால் வகுக்கவும். வருவதே வடிகட்டும் திறன்.

என் தமக்கையார்க்கு 140-இல் 76 போக 64. யான் கூறிய எடை 52-ஆற் பெருக்கி, 0.85-ஆற் பெருக்க, 2,828.8. அதனை 79.2-ஆல் வகுக்க 35.7. விலக்குக் கோட்டிற்கு மேலே, மயிரிழையளவு! மருத்துவமனையினர் போட்ட கணக்கும் அதுவே. அவர்கள் மீது குறை கூற எனக்கு நாவில்லை. உண்மையான எடை 42-ஐ வைத்துக் கணக்கிட்டால் 28.8. கோட்டிற்கு வெகு கீழே. யான் அலட்சியமாய்ச் சொன்ன பத்துக் கிலோ, கூடாத ஊசியைக் கூடும் என்றாக்கிவிட்டது. அதன்மேல் விரதத்தினால் வற்றிய உடல், வலி மாத்திரை, நீர் பிரியும் மருந்து என மூன்றும் சேர்ந்தன. “இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பார்” என்றார் வைத்தியர்.

கிரியாட்டினின் 1.1 என்பது குற்றமற்ற எண்ணாயிற்றே என்று நீங்கள் வினவலாம். யானும் வினவினேன். கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து பிறக்கும் கழிவு. தசை நிறைந்த உடலில் அது மிகுதியாய்ப் பிறக்கும். மெலிந்த மூதாட்டியின் உடலிற் சிறிதே பிறக்கும். சமையலறைத் தொட்டியின் வடிகுழாய் பாதி அடைபட்டிருப்பினும், மேலே குழாயில் நீர் சொட்டுச் சொட்டாய் விழுமாயின் தொட்டியில் நீர் உயர்ந்து தோன்றாது. அவ்வாறே சிறுநீரகம் பாதிக்குமேல் தளர்ந்திருந்தும் எண் நல்லதுபோற் காட்டும். 60 வயதுடைய, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆடவர்க்கு அதே 1.1 இருக்குமாயின், கணக்கின்படி அவர் திறன் 70-க்கு மேல். ஒரே எண், ஒருவர்க்கு 70, மற்றவர்க்கு 28. ஆதலாற் கிரியாட்டினினைத் தனியே பார்த்து மகிழ்தலும் தவறு, அஞ்சுதலும் தவறு. வயதோடும் எடையோடும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இதனை இச்சங்கத்தில் ஏன் பேச வேண்டும்? நம் சமூகத்து நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அயல்நாடுகளிலும் பெங்களூரிலும் உத்தியோகத்தில் இருக்க, ஏரிக்கரைச் சாலை முதல் ரயில்வே நிலையம் வரையுள்ள எத்தனையோ மாடிக் குடியிருப்புகளில் முதியோர் தனித்தோ இருவராகவோ வாழ்கின்றனர். மருத்துவமனைக்குச் செல்லுங்கால் உடன் வருபவர் தம்பியோ, அண்டை வீட்டாரோ, வாடகைக் கார் ஓட்டுபவரோ. மாத்திரைகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். எதற்கு எது என்பது நினைவில். எடையோ கலியாணக் காலத்தில் இருந்தது. கணக்கை வைத்தியர் சரியாகவே போடுவார். ஆனால் அக்கணக்கிற் புகும் எண்களைக் கொடுப்பவர் நாமே.

இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. சென்னையில் சிறுநீரக வைத்தியராய் விளங்கிய டாக்டர் எம். கே. மணி அவர்கள், 1990-களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அமைப்பின் வாயிலாகச் சென்னையை அடுத்த கிராமங்களில் வீடுதோறும் ஊழியர்களை அனுப்பி, சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் செய்து, மலிவான மருந்துகளைக் கொண்டே சிறுநீரக நோயைத் தடுக்கும் வழியைக் காட்டினார். எளிய சோதனை, வீட்டு வாசலில், தவறாமல். இவ்வளவே அதன் இரகசியம். கிராமத்தில் இயன்றது மாம்பலத்தில் இயலாதோ?

ஆகவே இச்சபையின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, நம் சங்கக் கட்டடத்தில் ஒரு நல்ல எடைமேடை வைத்தல் வேண்டும். மாதக் கூட்டத்தன்று அறுபது வயதைக் கடந்தோர் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு முதியோர்க்கும் சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை அச்சிட்டு அளித்தல் வேண்டும். வயது, எடை, கடைசிக் கிரியாட்டினின், அதன் தேதி, உண்ணும் மாத்திரைகள் எல்லாம் அதிற் காணல் வேண்டும். கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரையும், நாட்டு மருந்தும் விடுபடலாகாது.

மூன்றாவது, நம் இளைஞர்களுட் சிலர் முறைவைத்து, ஊசிக்கும் சிகிச்சைக்கும் செல்லும் முதியோர்க்குத் துணை செல்லல் வேண்டும். துணை செல்பவர் முதியோரைப் பேசவிடல் வேண்டும், என்னைப்போல் இடைமறித்தலாகாது.

ஊசி பெறவிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்நாளுக்கு முன்னும் பின்னும் உண்ணாநோன்பு வேண்டா. ஏகாதசி மீண்டும் வரும். இதயநோய்க்காக வைத்தியர் நீரைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, முன்னும் பின்னும் போதிய நீர் அருந்துங்கள். வடிகட்டும் திறன் எவ்வளவென்று வைத்தியரைத் தயங்காது கேளுங்கள். விட்டமின் டி, சுண்ணம் ஆகியவற்றின் குறை தீர்ந்துள்ளதா என்றும் கேளுங்கள். அவை குறைந்திருக்க ஊசி போட்டால் இரத்தத்திற் சுண்ணம் தாழ்ந்துவிடும். ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டால் எந்த மாத்திரை உண்ணலாம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். சிறுநீர் குறைதல், வாந்தி, வீக்கம் இவை காணின் மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு வழியே இல்லையென்று எண்ணவும் வேண்டா. சிறுநீரகத்தின் வழியே வெளியேறாத டெனோசுமாப் போன்ற வேறு மருந்துகள் உள. அவற்றிற்கும் தமக்குரிய அபாயங்கள் உண்டு. சிறுநீரகம் மிகக் கெட்டவர்க்கு டெனோசுமாப் இரத்தச் சுண்ணத்தைக் கொடிதாகத் தாழ்த்தக்கூடும் என்று 2024-இல் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அதனை வைத்தியரைக் கேளாது இடையில் நிறுத்துதலும் தீது. எது எவர்க்குத் தகும் என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். நம் கடமை, அவர் தீர்மானிப்பதற்கு மெய்யான எண்களையும் மெய்யான விடைகளையும் கொடுப்பது.

என் தமக்கையார் என்மேற் சினம் கொள்ளவில்லை. அவர் கூறியது ஒன்றே: “நம் வீட்டில் நடந்ததை நாலுபேர் வீட்டில் நடக்காதபடி சொல்லிவிடு.” அதனை இன்று நிறைவேற்றினேன். எடைமேடைக்கான பொருளை என் சிறு காணிக்கையாக யானே அளிக்க விரும்புகின்றேன். சபையோர் ஏற்றருள வேண்டும். அதன்மீது முதலில் ஏறுவதாக என் தமக்கையார் வாக்களித்திருக்கின்றார்.